டூகல் செத்தது யார் தவறு?

மூன்றாம்வீச்சு:
பழையநிலவறை நேற்று எழுதிய ஒரு வரி காலையிலிருந்து என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது: "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் எந்தப் பாத்திரமும் திடீரென்று சாவதில்லை, கவனமில்லாதவனின் பாத்திரம்தான் சாகிறது." ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து, நடப்பதைப் பகடையால் தீர்மானிக்கும் அந்த ஆட்டத்துக்கு 1981இல் வந்த, அவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் பேசிக் விதிநூலே இதற்கு மறுப்பு. ஆட்டம் எப்படி நடக்கும் என்று காட்ட அதில் தந்திருக்கும் மாதிரி உரையாடலில், பிளாக் டூகல் என்னும் திருடன் பெட்டியில் பொறி இருக்கிறதா என்று தேடுகிறான், ஒன்றும் அகப்படவில்லை, விஷ ஊசி குத்துகிறது, ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் சேவிங் த்ரோவில் தோற்றுச் சாய்கிறான். அந்த நூலின்படி முதல் நிலைத் திருடன் பொறியைக் கண்டுபிடிக்க 10 சதவீத வாய்ப்பு. விஷத்திலிருந்து தப்ப இருபது முகப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அது 40 சதவீதம். அப்படிப்பட்ட பெட்டியைத் திறக்கப் போகும் திருடர்களில் பாதிக்கு மேல் பிணம். தேடிவிட்டுச் சாகிறவனை எந்த வாயால் கவனமில்லாதவன் என்கிறீர்கள், ஐயா?

பழையநிலவறை:
தேடினான், தேடினான் என்கிறீர்களே, எப்படித் தேடினான்? பகடையை உருட்டிவிட்டால் தேடியதாகிவிடுமா? அதே விதிநூலின் பொருட்பட்டியலில் 10 அடி நீளமுள்ள மரக்கம்பு 1 பொற்காசுக்குக் கிடைக்கிறது. எட்ட நின்று கம்பால் பெட்டியைத் தள்ளித் திறந்திருந்தால் ஊசி காற்றைத்தான் குத்தியிருக்கும். கம்பு வாங்காதவன் செத்தான். அதில் திடீர் எங்கே வந்தது?

மூன்றாம்வீச்சு:
10 அடிக் கம்பின் நுனியால் ஒரு கைப்பெட்டியின் தாழ்ப்பாளை நீக்க முடியும் என்று நம்புகிறவர், தயவுசெய்து அதை முதலில் தம் வீட்டு அலமாரியில் செய்து காட்டட்டும். மறுபடியும் சொல்கிறேன்: அவன் தேடினான்.

ஓகர்நேசன்:
இருவரும் 1981ஐ விட்டு வெளியே வாருங்கள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு பஞ்சு மெத்தை என்று பழையநிலவறை அடிக்கடி நையாண்டி செய்வதும் சரியில்லை. ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளி, பூச்சியத்துக்கு இறங்கியவன் சுற்றுக்கு ஒரு முறை உருட்டி, மூன்று முறை தவறினால்தான் சாவான் என்பது உண்மை. ஆனால் பூச்சியத்தைத் தொட்ட பிறகும் மிஞ்சும் அடி அவனுடைய முழு ஹிட் பாயிண்ட் அளவுக்கு இருந்தால், உருட்டலே கிடையாது. அந்த இடத்திலேயே முடிந்தது. 7 ஹிட் பாயிண்ட் உள்ள முதல் நிலை மந்திரவாதியை ஓகர் என்னும் அரக்கனின் கதாயுதம் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எட்டுமுகப் பகடையோடு 4 கூட்ட வேண்டும். 14 அல்லது அதற்கு மேல் வந்தால் சாவு. அடி விழுந்துவிட்டால் அதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட 44 சதவீதம். இதற்கும் கம்பு உண்டா?

பழையநிலவறை:
உண்டு. 7 ஹிட் பாயிண்டை வைத்துக்கொண்டு ஓகரின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கக் கூடாது என்னும் அறிவே அந்தக் கம்பு. 1975ஆம் ஆண்டு ஒரிஜின்ஸ் விளையாட்டு மாநாட்டுப் போட்டியில் கேரி கைகாக்ஸ் களமிறக்கி, 1978இல் அச்சுக்கு வந்த டூம் ஆஃப் ஹாரர்ஸ் என்னும் சாகசத்தைப் பாருங்கள். சுவரில் பச்சைப் பேய்முகம் ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருக்கும். உள்ளே கும்மிருட்டு. அதற்குள் இறங்கியவனுக்குச் சேவிங் த்ரோவே இல்லை, உடல்கூட மிஞ்சாது. கம்பை விட்டுப் பார்த்தவனுக்குக் கம்பு மட்டும் போகும், தலை மிஞ்சும். ஆட்டத்தைப் படைத்தவர்களில் ஒருவரான கைகாக்ஸ் ஆட்டக்காரனின் அறிவைச் சோதித்தார். இன்றைக்கு வருகிறவர்கள் பாத்திரத்துக்குப் பத்துப் பக்கம் குடும்ப வரலாறு எழுதிக்கொண்டு வந்து, அதனாலேயே அது சாகக் கூடாது என்கிறார்கள்.

தாள்கிழித்தவன்:
1977இல் வந்த டிராவலர் என்னும் ஆட்டத்தில் பாத்திரத்தை உருவாக்கும்போதே அது செத்துப்போகலாம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே சாவு. அங்கே கம்பை எந்தக் கடையில் வாங்குவது என்று பெரியவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழையநிலவறை:
வேறோர் ஆட்டத்தை இழுத்து வராதீர்கள். நாம் பேசுவது பெட்டியைப் பற்றி.

மூன்றாம்வீச்சு:
பேய்முகம் பார்த்தாலே பயமூட்டுகிறது. பெரியதாக, பச்சையாக, வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அங்கே சாகிறவனுக்கு எச்சரிக்கை கிடைத்துவிட்டது என்பதில் எனக்குத் தகராறு இல்லை. டூகலின் பெட்டியில் என்ன எச்சரிக்கை இருந்தது? தேடினான், இல்லை என்று ஆட்டத்தை நடத்தும் டிஎம் சொன்னார், நம்பினான். பாத்திரம் சாவதை நான் எதிர்க்கவில்லை. முடிவெடுக்க ஆட்டக்காரனுக்கு எதுவும் தராமல் பகடையே கொன்றுவிட்டு, பிறகு அவனுக்குப் பாடம் நடத்துவதைத்தான் எதிர்க்கிறேன். சரி, இவ்வளவு கறாராகப் பேசுகிறவர் பொங்கல் விடுமுறையில் தாமே டிஎம்மாக நடத்திய ஆட்டத்தில் தம் மருமகனின் மந்திரவாதியை ராட்சதச் சிலந்தி கடித்தபோது, திரைக்குப் பின்னால் இரண்டாம் முறை பகடையை உருட்டியது ஏன்? அதற்கு முந்தைய அறையில் என் வீரனுக்கு ஒரே ஓர் உருட்டல்தானே கிடைத்தது?

பழையநிலவறை:
அந்தப் பகடை மேசையிலிருந்து தரையில் விழுந்தது. தரையில் விழுந்தது செல்லாது என்பது என் மேசையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். உங்கள் வீரன் செத்ததற்குக் காரணம் வேறு: அவனிடமும் கம்பு இல்லை.

தாள்கிழித்தவன்:
நானும் அன்று அந்த மேசையில் இருந்தேன். பகடை கீழே விழுந்த சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

ஓகர்நேசன்:
தரையில் விழுந்தது செல்லாது என்று எந்த விதிநூலில் இருக்கிறது? என் மேசையில் எங்கே விழுந்தாலும் செல்லும்; சாய்ந்து நின்றால் மட்டும் மறுபடி உருட்டுவோம்.

பழையநிலவறை:
விரிப்பு போட்ட தரையில் பகடை விழுந்தால் சத்தம் எப்படிக் கேட்கும்? தாள்கிழித்தவன் அன்று பாதி நேரம் கைப்பேசியைத்தான் நோண்டிக்கொண்டிருந்தார் என்பதையும் சபையில் வைக்கிறேன். 13க்கு மேல் உருட்டத் தெரியாதவர்கள் என் தரையைப் பற்றிப் பேச வேண்டாம்.

மூன்றாம்வீச்சு:
13 அல்லது அதற்கு மேல். அந்த விதியைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை, இதில் டூகலுக்குக் கவனம் போதாதாம். அவன் தேடினான், ஐயா.