இத்தாலியனில் மரியாதையாகக் கேட்பது எப்படி?

உப்புவெளி வாசி: உப்புவெளியில் ஒரு சின்ன விடுதியில் முன்மேசை வேலை செய்கிறேன், அடுத்த மாசம் மிலானில் இருக்கிற அக்காவிடம் போகிறேன். நேற்று வந்த வயதான இத்தாலிய அம்மாவிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டு 'வோல்யோ இல் பஸ்ஸபோர்தோ' என்றேன், முகம் சட்டென்று மாறிவிட்டது. 'பெர் ஃபவோரே' (தயவுசெய்து) சேர்த்தால் போதுமா?

நிலாவெளி: தம்பி, வோல்யோ என்றால் 'எனக்கு வேணும்' என்று அடித்துக் கேட்கிற மாதிரி. கடையில் 'வொர்ரேய் உன் கஃபே' (ஒரு கோப்பி கிடைத்தால் நல்லது) என்று கேளும், அதுதான் பணிவு. பாஸ்போர்ட்டுக்கு 'பொத்ரெப்பே தார்மி இல் பஸ்ஸபோர்தோ?' (பாஸ்போர்ட்டைத் தர முடியுமா?) என்று கேளும். பொத்ரெப்பே 'நீங்கள்' போட்டுப் பேசுவது, பொத்ரெஸ்தி 'நீ'. 'நீங்கள்' என்பதற்கு அவர்கள் சொல்வது லேய், 'அவள்' என்பதற்கும் அதே சொல்தான், அதனால் வினைச்சொல்லும் படர்க்கையில் வரும். எனக்கு இது பிடிபடவே நாளெடுத்தது.

பலெர்மோ அக்கா: அதைவிட முக்கியம், கடைக்குள் கால் வைத்ததும் 'புவோன்ஜோர்னோ' (வணக்கம்) சொல்லுங்கள், சொல்லாமல் நேரே சாமான் கேட்டால் எத்தனை பெர் ஃபவோரே போட்டாலும் சரிவராது. தெருவில் ஆளை நிறுத்த 'மி ஸ்கூசி' (மன்னிக்கவும்), 'ஸ்கூசா' கூட்டாளிமாருக்குத்தான். வீட்டுக்குள் இவ்வளவு பணிவு தேவையில்லை, சாப்பாட்டு மேசையில் 'மி பஸ்ஸி இல் சாலே?' என்று கேள்வியாக இழுத்தால் உப்பு வந்துவிடும்.

உப்புவெளி வாசி: நன்றி அக்கா, அண்ணா. இன்று காலை அந்த அம்மாவிடம் புவோன்ஜோர்னோ சொல்லிவிட்டு, பொத்ரெப்பே போட்டு அறைச் சாவியைக் கேட்டேன். 'செர்தோ!' (கட்டாயம்!) என்று சிரித்துக்கொண்டே தந்தார்.