அமெரிக்காவில் பிள்ளையின் கனவுக் கல்லூரி கை நழுவிய பிறகு உங்கள் வீட்டில் என்ன பேசினீர்கள்?

எடிசன் அம்மா:
கிடைத்தால் அங்கேதான் சேருவோம் என்று ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே போடும் எர்லி டிசிஷன் விண்ணப்பத்துக்கு டிசம்பரில் முடிவு வந்தது. இல்லை என்றுவிட்டார்கள். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. சின்ன வகுப்பு, எழுதியதை வரி வரியாகப் படிக்கும் பேராசிரியர், இதற்காகவே என் மகள் பத்தாவதிலிருந்து அந்த ஓர் இடத்தை நினைத்துக்கொண்டிருந்தாள்.

வழக்கமான ரெகுலர் சுற்றில் போட்டிருந்தவற்றில் ஒஹாயோவின் வூஸ்டர் கல்லூரியும் ஒன்று. மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம். அது என்ன திங்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அங்கே கடைசி ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பேராசிரியரின் துணையோடு சொந்தமாக ஓர் ஆய்வு எழுதவேண்டும், ஐ.எஸ். (இன்டிபென்டன்ட் ஸ்டடி) என்பார்கள். அன்றைக்கு அதைக் கொடுத்து முடிக்கும் நாள். பேக்பைப் ஊதுகிறவர்கள் முன்னால் போக, பின்னால் பிள்ளைகள் ஊர்வலம். ஆய்வைக் கொடுத்தவருக்குக் கல்லூரி ஒரு டூட்ஸி ரோல் மிட்டாய் தருகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, குளிரில் மூக்கு சிவந்த ஒரு பெண், எரீ ஏரியில் படரும் பாசியைப் பற்றி எழுதினேன் என்று கால் மணி நேரம் பேசினாள். என் மகள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். மூன்று மாதமாக நான் கேட்காத குரல் அது.

நியூ ஜெர்சியின் எடிசனுக்குத் திரும்பும்போது காரில், "பாத்தியா, இதுவும் அந்தக் காலேஜ் மாதிரியேதான் இருக்கு" என்றேன். "மாதிரின்னு சொல்லாதம்மா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பென்சில்வேனியாவைக் கடக்க ஐந்து மணி நேரம். ஒரு வார்த்தை இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

கோவை டு கென்டக்கி:
அக்கா, எங்கள் வீட்டில் பணம்தான் முதல் கேள்வி. முழு உதவி கிடைக்காமல் கிளம்பவே முடியாது. ஆசைப்பட்ட இடம் கைவிட்டது, கென்டக்கியின் பீரியா கல்லூரி எடுத்துக்கொண்டது. அங்கே யாரிடமும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. பதிலுக்கு எல்லாருமே வாரம் பத்து மணி நேரமாவது கல்லூரி வேலை செய்யவேண்டும். எனக்கு வந்தது துடைப்பப் பட்டறை. சோளத்தில் ஒரு வகை, அதன் கதிரை நனைத்து, கம்பில் வைத்து, நூலை இழுத்து இழுத்துச் சுற்றவேண்டும். முதல் வாரம் விரலெல்லாம் வெட்டு.

ஒரு நாள் வீடியோ காலில் அம்மா பார்த்துவிட்டார். "வெளக்கமாறு கட்டவா கண்ணு அத்தனை தூரம் போனே?" திட்டவில்லை, அழவில்லை. போனைக் கட்டிலில் மல்லாக்க வைத்துவிட்டார். மேலே ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலை வகுப்பில் என்ன படித்தேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

மினசோட்டா அப்பா:
எடிசன் அம்மாவுக்கு ஒன்று. மார்ச்சில் போய்ப் பார்த்ததை முந்தின வருஷமே செய்திருக்கவேண்டும். ஒரே இடத்தின் மீது பிள்ளையை ஆசைப்படவிட்டதுதான் தப்பு. என் மகனைக் காத்திருப்புப் பட்டியலில் (வெயிட்லிஸ்ட்) வைத்தார்கள், கடைசிவரை கூப்பிடவில்லை. இப்போது நார்த்ஃபீல்டில் செயின்ட் ஓலஃப் கல்லூரியில் கணக்குப் படிக்கிறான், நன்றாக இருக்கிறான். எங்கள் கதை அவ்வளவுதான்.

இனி லிஸ்ட் போடுகிறவர்களுக்கு. பெயரை வைத்துப் போடாதீர்கள். பிள்ளைக்கு எது பிடித்தது என்று பிரித்துப் பாருங்கள். கட்டாயப் பாடம் கூடாது என்றால் கிரின்னல் இருக்கிறது, முதல் ஆண்டில் டுடோரியல் என்ற ஒரு சின்ன வகுப்பு மட்டும்தான் எல்லாருக்கும் கட்டாயம். கடைசி ஆண்டு ஆய்வு என்றால் ரீட். சின்னக் கல்லூரியும் வேண்டும், நகரமும் வேண்டும் என்றால் செயின்ட் பாலில் மக்காலெஸ்டர், ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் படித்த இடம். அப்புறம், கல்லூரிகள் வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற புள்ளிவிவரத் தொகுப்பைத் தேடி எடுங்கள். சி7 அட்டவணையில் விண்ணப்பிப்பவர் காட்டும் ஆர்வத்துக்கு மதிப்பு உண்டா என்று இருக்கும். எச்6-ல் வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு உதவி, சராசரி எவ்வளவு என்று இருக்கும். எர்லி டிசிஷன் போடும் முன் உதவி போக நாம் கட்டவேண்டியது எவ்வளவு என்று காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டரைப் போட்டுப் பாருங்கள், கிடைத்துவிட்டால் மற்ற விண்ணப்பங்களை வாபஸ் வாங்கவேண்டும். முதல் சுற்றில் கிடைக்காமல் போனால் பல இடங்களில் ஜனவரியில் இரண்டாம் சுற்று உண்டு.

சவுத் ஹேட்லி மூன்றாம் ஆண்டு:
அங்கிள், இங்கே யாரும் லிஸ்ட் கேட்கவில்லை, வீட்டில் என்ன பேசினோம் என்றுதான் கேள்வி. பதினேழு வயதில் ஓர் இடத்தின் மீது ஆசைப்படுவது தப்பும் இல்லை.

நான் படிப்பது சவுத் ஹேட்லியின் மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில். என் கனவும் வேறொன்றுதான். முதல் வருஷம் அப்பா சொந்தக்காரர்களிடம் போனில், "கிட்டத்தட்ட அதே லெவல்தான்" என்பார். அந்தக் "கிட்டத்தட்ட"வைக் கேட்டாலே எழுந்து போய்விடுவேன். இங்கிருந்து பஸ் ஏறிப் போய் பக்கத்துக் கல்லூரிகளான ஸ்மித்திலும் ஆம்ஹர்ஸ்டிலும் பாடம் படிக்கலாம், அதையும் அவர் சேர்த்துச் சொல்வார்.

ஒருமுறை பார்க்க வந்தவர், நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் மேசையில் இருந்த கட்டுரையை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். ஓரமெல்லாம் பேராசிரியரின் பென்சில் எழுத்து. "உன் எழுத்தைவிட அவங்க எழுத்து அதிகமா இருக்கேம்மா" என்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தார். அதற்குப் பிறகு "கிட்டத்தட்ட" வரவில்லை.

ஆன்ட்டி, உங்க பொண்ணுக்கு வூஸ்டர் பிடித்திருந்தது. அதை இன்னொன்றின் நகல் ஆக்கியதுதான் வலித்திருக்கும்.

எடிசன் அம்மா:
இப்போது புரிகிறதும்மா. வூஸ்டரில் இடம் கிடைத்திருக்கிறது, மே 1-க்குள் டெபாசிட். அந்தப் பெண்ணின் ஆய்வைக் கேட்டு வாங்கியிருக்கிறாள் போல, நேற்று ராத்திரி பிரிண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. காகிதம் தீர்ந்ததும் ஒரு கட்டு எடுத்து வைத்துவிட்டு வந்தேன். கோவைத் தம்பி, அம்மா அப்புறம் என்ன சொன்னார்?

கோவை டு கென்டக்கி:
அதைப் பற்றிப் பேசவே இல்லை அக்கா. லீவுக்குப் போனபோது நான் கட்டியதில் ஒன்றைக் கொண்டுபோனேன். சமையலறையில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். வேலைக்கு வரும் அக்காவை அதைத் தொடவிடுவதில்லை.