இழைத் தலைப்பு: உதவி! அமிலம் விட்டால் பொங்காத துருநிறக் கல். கார்பனேட்டா, இல்லையா?

கல்தேடி: அவசரம், நாளை அறிக்கை கொடுக்க வேண்டும். கவசப் பாறை (பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள அடுக்கின் பாறை) என்று சொல்லித்தான் மாதிரியைக் கொடுத்தார்கள். நுண்ணோக்கியில் பார்க்கச் சீவிய மெல்லிய துண்டில், அந்தப் பாறையின் முக்கியக் கனிமமான ஆலிவின் ஒரு துகள்கூட இல்லை. அமிலம் விட்டேன், பொங்கவில்லை. என்ன பாறை இது?

நீலா: எந்த ஊர்க் கல்? எந்த அமிலம்? கத்தியால் கீற முடிகிறதா?

மூத்தசுத்தியல்: இடமும் இல்லை, படமும் இல்லை. இங்கே சோதிடமா பார்க்கிறோம்? முதலாண்டுப் பாடநூலைப் புரட்டியிருந்தாலே இந்தக் கேள்வி எழுந்திருக்காது.

மழைத்துளி: எந்த ஊராக இருந்தாலும் மழைநீர் அரித்ததுதான். பந்தயம் கட்டுகிறேன்.

கல்தேடி: ஓமன், ஃபஞ்சா பக்கம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக். சில இடங்களில் கீறல் விழுகிறது, சில இடங்களில் கத்திதான் தேய்கிறது. அங்கங்கே பளிச்சென்ற பச்சை மைக்காவும் இருக்கிறது. அது முக்கியமா?

நீலா: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! லிஸ்ட்வெனைட்டாக இருக்கலாம், அதாவது கார்பன் டைஆக்சைடு ஏறி முழுவதுமாக மாறிப்போன கவசப் பாறை. கீறல் விழுவது மக்னீசைட் என்ற மக்னீசியம் கார்பனேட், கத்தியைத் தேய்ப்பது குவார்ட்ஸ், பச்சை குரோமிய மைக்கா. குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் மக்னீசைட் அநேகமாகப் பொங்காது. பொடியாக்கி, அமிலத்தைச் சூடாக்கிப் பாருங்கள்.

மழைத்துளி: அந்த மலைகளின் ஊற்றுகளில் நீரின் pH அளவு 11ஐத் தாண்டுகிறது, அவ்வளவு காரம். வெள்ளைக் கார்பனேட் இன்றும் படிகிறது. இதுவும் அதே கதைதான்.

நீலா: ஊற்றில் படிவது பெரும்பாலும் கால்சைட் என்ற கால்சியம் கார்பனேட். குளிர்ந்த அமிலத்திலேயே பொங்கிவிடும். இங்கே பாறை முழுவதுமே மாறியிருக்கிறது. மைக்காவுக்குப் பொட்டாசியம் வேண்டும். கவசப் பாறையில் அது கிட்டத்தட்ட இருக்காது, அதனால் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல்தளத் தட்டு அரேபியாவின் மேல் ஏறத் தொடங்கியபோது, அடியில் அமிழ்ந்த வண்டல்களிலிருந்து வெந்நீரும் கார்பன் டைஆக்சைடும் மேலேறி வந்தன. 2017இல் துளைத்த பிடி1பி என்ற 300 மீட்டர் துளையில் மேல் 200 மீட்டரில் பெரும்பகுதி லிஸ்ட்வெனைட்தான், இடையிடையே செர்பென்டினைட் (கவசப் பாறையில் நீர் சேர்ந்து உருவாகும், செர்பென்டின் கனிமத்தாலான பாறை).

மூத்தசுத்தியல்: வாய்க்கு வந்தபடி எழுதாதீர்கள். சூத்திரப்படி செர்பென்டின் மக்னீசைட்டும் குவார்ட்ஸுமாக மாறினால் உருவாகும் பாறையின் எடையில் 35 சதவீதம் கார்பன் டைஆக்சைடு. அவ்வளவும் உள்ளே புக இடம் ஏது? துளைகள் அடைத்துக்கொண்டு வேதிவினை பாதியிலேயே நின்றுவிடும்.

நீலா: புதிய கனிமம் வளரும்போது வரும் அழுத்தமே பாறையைப் பிளக்கிறது, புதிய வழி திறக்கிறது என்றும் ஒரு கருத்து உண்டே.

மூத்தசுத்தியல்: கருத்துதானே. ஆய்வகத்தில் அடைத்துக்கொள்வதைத்தான் பல சோதனைகள் காட்டின.

மழைத்துளி: அப்படியானால் புகைபோக்கிக் கார்பனை ஓமன் மலைக்குள் அடைக்கும் திட்டங்கள் எல்லாம் வீணா?

மூத்தசுத்தியல்: அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

கல்தேடி: சூடாக்கினேன், பொங்கியது. நன்றி.

நீலா: மைக்காவின் படத்தையாவது போடுங்களேன்?