ஒரு செம்புத் தண்ணீருக்கு ஓடிவரும் மோட்டர்

கிளிநொச்சி, கனகபுரத்திலிருந்து:

எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டரில், குழாயின் அழுத்தம் குறைந்தால் மோட்டரைத் தொடக்கி, கூடினால் நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் மட்டும் பூட்டியிருந்த காலத்தில், யாராவது ஒரு செம்புத் தண்ணீர் பிடித்தாலே அது உறுமித் தொடங்கி, சில விநாடிகளில் நின்று, குழாயை மூடுவதற்குள் மறுபடியும் தொடங்கும். நீர் அமுங்காது என்பதால், குழாய்க்குள்ளிருந்து சிறிதளவு வெளியேறினாலே அழுத்தம் சட்டென்று விழுந்துவிடுகிறது. மோட்டரோ ஒவ்வொரு தொடக்கத்திலும் வழக்கமான ஓட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னை இழுக்கிறது; அந்தச் சூடு ஆறுமுன் அடுத்த தொடக்கம் வந்தால் மோட்டருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் (வைண்டிங்) கருகாமல் என்ன செய்யும்?

இங்கிலாந்தில் வெப்பமூட்டும் கருவிகள் பூட்டும் என் மச்சானிடம் இதைச் சொன்னபோது, அங்கு வீட்டைச் சூடாக்க நீரைக் காய்ச்சும் பொயிலர்களுக்கும் இதே நோய்தான் என்றார். பொயிலர் எவ்வளவுதான் தணிந்து எரிந்தாலும் வீடு அதைவிடக் குறைந்த வெப்பத்தையே கேட்கும் நாள்களில், அது மூள்வதும் அணைவதுமாகவே இருக்குமாம். இடையில் ஒரு பெரிய சுடுநீர்த் தாங்கியை வைத்தால், பொயிலர் நெடுநேரம் சீராக எரிந்து தாங்கியைச் சூடாக்கிவிட்டு ஓய்ந்திருக்க, வீடு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

நமக்கு அந்த வேலையைச் செய்வது உள்ளே ரப்பர்ப் பையும் காற்றும் உள்ள பிரஷர் தாங்கி; மோட்டர் ஏற்றும் நீர் அந்தக் காற்றை அமுக்க, அமுங்கிய காற்று பிறகு நீரைக் குழாய்க்குத் தள்ளும். 100 லீட்டர் தாங்கி என்றால் 100 லீட்டரும் கைக்கு வரும் என்று எண்ணிவிடக் கூடாது. சுவிட்ச் 20 பிஎஸ்ஐயில் (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அலகு) தொடங்கி 40இல் நிற்குமானால், மோட்டர் மீண்டும் ஓடுமுன் கிடைப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதுவும், மோட்டரை நிறுத்தித் தண்ணீரை முழுதும் வடியவிட்ட பிறகு 18 பிஎஸ்ஐக்குக் காற்றடித்திருந்தால்தான் கிடைக்கும். அதற்குச் சைக்கிள் பம்பே போதும். காற்று வால்வின் ஊசியை அமத்தும்போது தண்ணீர் சீறினால், பை கிழிந்துவிட்டது என்று பொருள்.

நெடுங்கேணியிலிருந்து:

கனகபுரத்து அண்ணரின் கணக்குச் சரிதான். ஆனாலும் சாதாரண வீட்டுக்கு மேல்தாங்கியும், அதன் நீர்மட்டத்தைப் பார்த்து மோட்டரைத் தொடக்கி நிறுத்தும் மிதவைச் சுவிட்சுமே மேல் என்பது என் எண்ணம். மின்சாரம் நின்றாலும் தண்ணீர் வரும். என்ன, 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் (ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ) அழுத்தமே கிடைப்பதால், நம் வீட்டுக் கூரை உயரத்தில் சவர் சற்று மெலிந்துதான் விழும். பிரஷர் தாங்கி வைத்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஒருவரும் தண்ணீர் எடுக்காத நடுச்சாமத்தில் மோட்டர் தானாக ஓடினால், தாங்கியைக் குறைகூறுமுன் மலசலகூடத் தொட்டி ஒழுகுகிறதா, கிணற்றுக்குள் உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள ஒருவழி வால்வான புட்வால்வு நீரைத் திரும்ப விடுகிறதா என்று பாருங்கள்.