ஸ்பைக்ஸ் போட்டதும் கெண்டைக்கால் வலி

கேள்வி: மகளுக்கு 14 வயசு, 100, 200 மீட்டர் ஓடுறா. பள்ளியில செம்மண் மைதானம், சனிக்கிழமை மட்டும் சிந்தெடிக் டிராக். போன மாசம் வாங்கின ஸ்பைக்ஸை (அடியில ஆணி வச்ச ஓட்ட ஷூ) கழற்றவே மாட்டேங்கிறா, வார்ம்அப்கூட அதுலதான். இப்போ கெண்டைக்கால் வலி. வேற ஷூ வாங்கணுமா?

பதில் 1: ஸ்பைக்ஸில குதிகாலுக்கு மெத்தை அவ்வளவா இருக்காதுங்க. முன்பாதத்துல நிக்க வச்சு, சுமையைக் கெண்டைக்கால்ல ஏத்திடும். வார்ம்அப், ட்ரில், மெதுவோட்டத்துக்கு சாதாரண ரன்னிங் ஷூ போதும்; ரொம்பத் தடிச்ச அடி வேணாம். முழு வேகத்துல ஓடுற நாலஞ்சு ரவுண்டுக்கு மட்டும் ஸ்பைக்ஸ். முதல்ல வலி போகட்டும்.

பதில் 2: ஆணியையும் பாருங்க. சிந்தெடிக்ல ஆணி நீளத்துக்கு 9 மி.மீ. உச்சவரம்பு, சில டிராக்குல 6தான் விடுவாங்க. என் பையனை ஓடுறதுக்கு முன்னாடி ஆணி மாத்தச் சொன்னாங்க, அதைக் கழற்றி மாட்டுற சாவி வீட்டுல!

கேள்வி கேட்டவர்: ஐயோ, பெட்டியில கிடந்த அந்தச் சாவியைத் தூக்கிப் போட்டுட்டேனே!