ஸோம்பாய்டில் கோழி வளர்ப்பதா, கோழிக்குக் காவல் கிடப்பதா?

நாக்ஸ்_நாடோடி

கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ப்ராஜெக்ட் ஸோம்பாய்ட் என்ற கணினி ஆட்டத்தை ஆடாதவர்களுக்கு மட்டும் இரண்டு வரி: 1993 ஜூலை, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், நாக்ஸ் என்ற கற்பனை மாவட்டம். நோய் பரவி ஊரே ஸோம்பி, அதாவது கடிக்க வரும் நடைப்பிணம் ஆகிவிட்டது. சாகாமல் எத்தனை நாள் ஓட்டுகிறீர்கள் என்பதுதான் ஆட்டம்.

பில்ட் 42 சோதனைப் பதிப்பு 2024 டிசம்பர் 17 அன்று வந்தபோது பாதிப் பேர் அதைக் கொண்டாடியதே கால்நடைகளுக்காகத்தான். பசு, செம்மறி, பன்றி, கோழி, வான்கோழி, முயல் எல்லாம் வந்தன. நானும் கொண்டாடினேன். எக்கோ க்ரீக் பக்கம் ஒரு பண்ணையைப் பிடித்து, வேலி சரிசெய்து, பட்டி எல்லை குறித்து, கோழிக்கூடும் தொட்டியும் வைத்து, தீவன மூட்டைகளைத் தேடித் தேடிக் கொண்டுவந்து கொட்டினேன். பிறகு மருந்து தேடி லூயிவில் வரை போய்த் திரும்பினால் கோழி அத்தனையும் செத்துக் கிடக்கிறது. தொட்டியில் தீவனம் அப்படியே இருக்கிறது!

கஷ்டமாக இருக்கிறது என்பது என் புகார் இல்லை. இந்த ஆட்டத்தில் கண்ணாடி குத்திச் செத்திருக்கிறேன், சளிப்பிடித்துத் தும்மிச் செத்திருக்கிறேன், எல்லாம் நியாயம்தான். ஆனால் கோழி ஏன் செத்தது? தாகமா? எல்லைக் கோட்டுக்கு வெளியே தொட்டி இருந்ததா? நான் தொலைவில் இருக்கும்போது ஆட்டம் போடுகிற கணக்கு வேறு கணக்கா? எதுவுமே தெரியவில்லை. சுற்றித் திரிவதற்கென்றே இவ்வளவு பெரிய வரைபடத்தைக் கொடுத்துவிட்டு, நாலு கோழியை வைத்து என்னை வீட்டோடு கட்டிப்போடுவது என்ன வடிவமைப்பு?

சுருட்டை

ஆட்டத்தின் விதிகளை நாமே மாற்றும் சாண்ட்பாக்ஸைத் திற. விலங்குகளின் பசி தாக வேகத்தைக் குறை. நீ தொலைவில் இருக்கும்போது ஓடும் கணக்கின் வேகத்துக்குத் தனியாக ஒரு அமைப்பு இருக்கிறது, அதையும் குறை. முடிந்தது கதை. இதற்கு எதற்கு இவ்வளவு நீளப் பதிவு?

கொட்டில்மணி

நாடோடி தம்பி, "வீட்டோடு கட்டிப்போடுகிறது" என்று நீங்கள் குறையாகச் சொல்வதுதான் எனக்கு இந்தப் பதிப்பில் மிகவும் பிடித்தது.

பழைய பில்ட் 41ஐ நினைத்துப் பாருங்கள். முதல் மாதம் உயிர் கையில் இருக்காது. அந்த மாதத்துக்குள் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் நின்றுபோகும். அதைத் தாண்டி ஒரு ஜெனரேட்டரும் மழைநீர்ப் பீப்பாயும் வைத்துவிட்டால் அப்புறம் என்ன வேலை? நாலு பாத்தி முட்டைக்கோஸ் போட்டுவிட்டு மாடியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதிலும் கலோரி போதாமல் ஆள் இளைத்துக்கொண்டே போவான். எடை ஏற வேண்டுமானால் மீன் பிடிக்க வேண்டும், பொறி வைக்க வேண்டும். பால், முட்டை, கொழுப்பு என்று நிலையாகக் கிடைக்க வழியே இல்லாமல் இருந்தது. பில்ட் 42 அந்த ஓட்டையைத்தான் அடைத்திருக்கிறது. இவ்வளவு பெரிய வரத்தை விலையில்லாமல் கொடுக்க முடியுமா? அதற்கான விலை உங்கள் சுதந்திரம்.

ஜூலையில் ஆட்டம் தொடங்குகிறது. டிசம்பருக்குள் குளிர்காலத் தீவனத்துக்கு வழி பண்ணியாக வேண்டும். அப்போதுதான் எனக்கு முதல்முறையாக ஸோம்பியைவிட நாட்காட்டி பயமாக இருந்தது. மாடு வேண்டும், ஊரும் சுற்ற வேண்டும் என்றால் எப்படி?

சுருட்டை சொன்ன வழி எனக்கு உடன்பாடில்லை. பசியைக் குறைத்து வைத்து வளர்ப்பதற்குப் பதில் மோட் (ரசிகர்கள் எழுதும் மாற்று நிரல்) போட்டு வானத்திலிருந்து பால் டப்பா விழச் சொல்லலாம்.

சுருட்டை

விழுந்தால் நான் குடிப்பேன், எனக்கென்ன.

இரவல்கத்தி

மணி அண்ணா, நாடோடி கேட்டது வேறு, நீங்கள் பதில் சொல்வது வேறு. விலை இருக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. விலைப்பட்டியல் எங்கே என்றுதான் கேட்கிறார்.

ரிம்வேர்ல்ட் என்ற குடியேற்ற ஆட்டத்தைப் பாருங்கள். 2021 ஜூலையில் வந்த 1.3 பதிப்பில் கால்நடைகளுக்குப் பட்டி முறையைக் கொண்டுவந்தார்கள். பட்டிக்குள் ஒரு அடையாளக் கம்பு நட வேண்டும். அதைச் சொடுக்கினால், இந்த இடத்தில் எந்தப் பருவத்தில் எவ்வளவு மேய்ச்சல் முளைக்கும், உள்ளே நிற்பவை எவ்வளவு தின்னும் என்று இரண்டும் அருகருகே தெரியும். தின்பது அதிகமென்றால் இரண்டு ஆட்டைக் குறைப்பதா, வேலியைத் தள்ளிப் போடுவதா என்று யோசிக்கலாம். தப்பாக யோசித்தால் ஆடு சாகும். அந்த ஆட்டமும் ஒன்றும் இளகிய மனசுக்காரன் இல்லை. ஆனால் செத்தால் ஏன் செத்தது என்று தெரியும், அடுத்த முறை வேறுமாதிரி செய்வேன்.

ஸோம்பாய்டில் வளர்ப்புத் திறன் ஏற ஏறத்தான் விலங்கைப் பற்றிய விவரம் கூடுதலாகத் தெரியும். தொடக்கத்தில் மேலோட்டமாகத்தான் சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திறன் ஏற விலங்கு உயிரோடு இருக்க வேண்டும். உயிரோடு வைத்திருக்க விவரம் வேண்டும். ஒன்றும் தெரியாதவனிடம்தான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறது இந்த ஆட்டம்.

இதில் இன்னொரு தலைவலி, இது சோதனைப் பதிப்பு. ஒவ்வொரு திருத்தத்திலும் ஏதாவது மாறுகிறது. யாரோ எழுதி வைத்த வழிகாட்டியை நம்பித் தொட்டி வைத்தால், அது போன திருத்தத்துக்கு எழுதியதாக இருக்கும்.

கொட்டில்மணி

தெரியாதவனுக்குத் தெரியாது என்பதில் என்ன தப்பு, தங்கச்சி? என் ஆள் ஆட்டத்தில் தீயணைப்பு வீரன். அவன் வாழ்நாளில் பசுவைத் தொட்டதே இல்லை. பக்கத்தில் போனவுடன் அதன் பசி நூற்றுக்கு எத்தனை என்று அவன் கண்முன் எண் ஓடினால் அதுதான் அபத்தம். தெரிய வேண்டுமென்றால் பண்ணைக்காரனைத் தேர்ந்தெடுத்து ஆடுங்கள்.

எனக்கு மறக்க முடியாத இரவு ஒன்று உண்டு. ஒரு பசுவைக் கயிறு கட்டி நெடுஞ்சாலை வழியாக ஓட்டிக்கொண்டு வருகிறேன். டிரெய்லர் கிடைக்கவில்லை. கையில் புல்லைக் காட்டிக் காட்டி, தடவிக் கொடுத்து, அதன் மிரட்சி தணியக் காத்திருந்து, மறுபடி நாலடி. ஒரு வளைவில் கவிழ்ந்த லாரிக்குப் பின்னாலிருந்து ஏழெட்டு ஸோம்பி. கயிற்றை விட்டுவிட்டுக் கோடரியை எடுத்தேன். அடித்து முடித்துத் திரும்பினால் மாட்டைக் காணோம். மரங்களுக்கு நடுவே எங்கிருந்தோ கத்துகிறது. அந்தச் சத்தத்துக்கு இன்னும் எத்தனை வரப்போகிறதோ என்று எனக்கு உதறல். ஸோம்பிகள் மாட்டைக் கடிப்பதில்லை, ஆனால் எனக்கு அதுவா ஆறுதல்? பத்து வருடமாக ஆடுகிறேன், இப்படி ஒரு இரவை இந்த ஆட்டம் எனக்குத் தந்ததில்லை. எண்ணும் பட்டையும் போட்டிருந்தால் இதெல்லாம் ஏது?

நாக்ஸ்_நாடோடி

நல்ல கதை அண்ணே, உண்மையிலேயே. ஆனால் கவனித்தீர்களா? உங்கள் மாடு ஓடியதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். மிரண்டது, கயிறு கையில் இல்லை, ஓடியது. அதனால்தான் அது கதையாக இருக்கிறது. என் கோழிக்கு என்ன கதை? "போனேன், வந்தேன், செத்திருந்தது." அவ்வளவுதான்.

அப்புறம் காலக்கணக்கையும் பேசிவிடுவோம். ஆட்டத்தின் ஒரு நாள் நம் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் என்று அமைத்து ஆடுகிறேன் என்று வையுங்கள். கோழி அடைகாக்க 21 நாள் என்று நிஜக் கணக்கையே வைத்தால் 21 மணி நேரம், போகட்டும். பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். தினமும் வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் ஆடுகிறவன், ஒரு கன்றைப் பார்க்க கிட்டத்தட்ட ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் என் ஆள் பத்துமுறை செத்திருப்பான். வேகத்தைக் கூட்டச் சாண்ட்பாக்ஸில் வழி இருக்கிறது என்று சுருட்டை வரப்போகிறார், தெரியும். எதை எவ்வளவு கூட்டினால் எது கெடும் என்று தெரியாமல் எத்தனை திருகைத் திருகுவது?

சுருட்டை

சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

பாலாற்றங்கரையான்

இரண்டு தரப்பையும் படித்தேன். எங்கள் வீட்டில் கறவை மாடுகள் உண்டு, அதனால் ஒன்று சொல்கிறேன்.

மணி அண்ணன் சொல்வது பாதி சரி. மாட்டின் மேல் எண் ஓடாது. ஆனால் மாடு ஒன்றும் ஊமையில்லை. பின்னால் நின்று இடப்பக்கம் பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே முக்கோணமாக ஒரு இடம் இருக்கும். அது உள்ளே குழிந்து கிடந்தால் மாடு சரியாகத் தின்னவில்லை. நிரம்பித் தட்டையாக இருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது. படுத்திருக்கும் மாடு அசைபோடுகிறதா, சாணம் இளகிப் போகிறதா, கட்டியாகப் போகிறதா, எல்லாம் செய்திதான். கோழி என்றால் கூட்டில் அடையும் நேரத்தில் கையில் எடுத்து, கழுத்துக்குக் கீழே இரைப்பையைத் தடவிப் பார்ப்பார்கள். உப்பியிருந்தால் நாள் முழுக்க மேய்ந்திருக்கிறது. வெறும் தோலாக இருந்தால் எங்கேயோ கோளாறு. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே இது தெரியும், திறன் எதுவும் ஏறத் தேவையில்லை.

ஆகவே கேள்வி எண் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. இந்த ஆட்டத்தில் மனிதனுக்கு எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுகிறார்கள்! குளிர்ந்தால் நடுங்குகிறான், களைத்தால் மூச்சு வாங்குகிறான். அதில் பாதியை மாட்டின் உடம்பிலும் காட்டியிருந்தால் ஒரு பட்டையும் தேவைப்படாது. இடுப்புக் குழியும் அசைபோடுவதும் தெரிந்தால் போதும், பார்க்கத் தெரிந்தவன் பிழைப்பான்.

மற்றபடி, பல நாள் ஆளில்லாமல் மாட்டை விட்டுவிட்டுப் போவதா? எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போவதென்றாலே யாராவது ஒருவர் தங்கியாக வேண்டும். அந்த விஷயத்தில் ஆட்டத்தின் மேல் எனக்குக் குறை கிடையாது.

இரவல்கத்தி

இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் ரிம்வேர்ல்டை இழுத்தேன். ரிம்வேர்ல்ட் மேலிருந்து பார்க்கும் மேலாளர் ஆட்டம், அதற்குப் பட்டியல் பொருந்தும். இது ஒற்றை ஆளின் கண்ணால் பார்ப்பது. இங்கே உடம்பு பேச வேண்டும்.

ஆனால் பாலாற்றங்கரையாரே, வீட்டில் ஒருவர் தங்குவார் என்றீர்கள். பில்ட் 42 வெளியானபோது பலர் சேர்ந்து ஆடும் வசதியே அதில் இல்லை. வீட்டில் தங்க யாரும் இல்லாத ஆட்டத்தில்தான் வளர்ப்பை முதலில் கொடுத்தார்கள். ஒருவர் பால் கறக்க, இன்னொருவர் லூயிவில் போக என்று இருவராக ஆடினால் நாடோடியின் கோபத்தில் பாதி இருந்திருக்காது.

கொட்டில்மணி

உடம்பில் காட்டுவதை ஏற்றுக்கொள்கிறேன். வரட்டும், முதல் ஆளாகக் கைதட்டுவேன். ஆனால் அதுவரை "வளர்ப்பு குப்பை" என்று யாராவது எழுதினால் நான் விடமாட்டேன். டேஇசட் என்ற இன்னொரு ஸோம்பி ஆட்டத்தில் மாடு, ஆடு, கோழி எல்லாம் வரைபடம் முழுக்கத் திரிகின்றன. அடித்துத் தின்னலாம், வளர்க்க முடியாது. ஸ்டார்ட்யூ வேலி என்ற பண்ணை ஆட்டத்தில் வளர்க்கலாம், ஆனால் தீவனமே போடாவிட்டாலும் கோழி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுமே தவிரச் சாகாது. செத்துப்போகக்கூடிய கோழியை, கடிக்க வருகிற ஊருக்கு நடுவே வளர்க்கச் சொல்கிற ஆட்டம் எத்தனை இருக்கிறது?

இறைச்சிக்கும் இதே கதைதான். ஒரு பன்றியைத் தரையில் போட்டு அறுத்தால் கொஞ்சம்தான் தேறும். கொக்கியில் தொங்கவிட்டு முறையாக அறுத்தால் கறி கூடுதல், தோலும் உருப்படியாகக் கிடைக்கும். அவ்வளவு கறியையும் வைக்கக் குளிர்பெட்டி ஓட வேண்டும், அதற்கு ஜெனரேட்டர், அதன் சத்தத்துக்கு ஸோம்பி. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசைகிறது. இப்படிக் கோத்துத் தந்ததற்கு நான் கோழிக் கணக்கை மன்னித்துவிடுவேன்.

நாக்ஸ்_நாடோடி

நான் மன்னிக்கத் தயாராக இல்லை. கொக்கி, குளிர்பெட்டி, ஜெனரேட்டர் என்று நீங்கள் சொன்ன சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குக் கேட்கிறது. அதனால்தான் நன்றாக இருக்கிறது. கோழிக்கூட்டில் மட்டும் ஏன் இருட்டு? உள்ளே எத்தனை அடைந்திருக்கிறது, கதவு திறந்திருக்கிறதா என்பதைக்கூட நான் ஒவ்வொரு முறையும் நடந்துபோய்ச் சொடுக்கித்தான் பார்க்கிறேன். ராத்திரி கதவைத் திறந்து போட்டால் வேட்டை விலங்கு புகுந்துவிடும் என்று ஒரு அமைப்பு வேறு இருக்கிறது. என் கோழிகளை அடித்தது அதுவா என்று கேட்டால் அதற்கும் ஒரு தடயம் கிடையாது. ஒரு இறகாவது கிடக்க வேண்டாமா?

சுருட்டை

இறகு கிடக்க மோட் போடலாம்.

கொட்டில்மணி

தம்பி, சண்டை இருக்கட்டும். தண்ணீருக்கும் தீவனத்துக்கும் தனித்தனித் தொட்டி வைத்தீர்களா, ஒன்றே ஒன்றா? இரண்டும் குறித்த எல்லைக்குள்தான் இருந்தனவா? ஒரு ஓரம் வெளியே நின்றாலும் எனக்குச் சந்தேகம்தான்.

நாக்ஸ்_நாடோடி

தனித்தனியாகத்தான் வைத்தேன், இரண்டும் உள்ளேதான். ராத்திரி வீட்டுக்குப் போனதும் சேமித்து வைத்த ஆட்டத்தைத் திறந்து படம் எடுத்துப் போடுகிறேன், நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டியில் குற்றம் இல்லையென்றால் அந்த "விலை உங்கள் சுதந்திரம்" வசனத்தை நீங்கள் திரும்பப் பெற வேண்டும்.

கொட்டில்மணி

படத்தைப் போடுங்கள், அப்புறம் பேசுவோம். கூட்டுக்கு உள்ளேயும் ஒரு படம் எடுங்கள். சுத்தம் பண்ணி எத்தனை நாளாச்சு என்று பார்க்க வேண்டும்.