வானொலி நிகழ்ச்சிக்கு ஏஐ சாட்பாட்டிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது?

ஞாயிறு அறிவிப்பாளர் கேட்டது:

வணக்கம். திருகோணமலையில் இருந்து ஒரு இணைய வானொலிக்கு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் நிகழ்ச்சி செய்கிறேன். சம்பளம் கிடையாது, ஆனால் கிழமை முழுக்க நான் காத்திருப்பது அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான். மற்ற நாட்களில் வேறு வேலை, பிரதி எழுத சனி இரவு மட்டும்தான் மிஞ்சும், அதனால் ஐந்தாறு மாதமாக ஒரு ஏஐ சாட்பாட்டைப் பாவிக்கிறேன். தலைப்பு யோசிக்க, பேட்டிக்குக் கேள்வி எடுக்க, பாட்டுக்கு நடுவில் சொல்ல இரண்டு வரி எழுத உண்மையிலேயே உதவியாகத்தான் இருந்தது.

போன மாதம் கோணேசர் கோயிலைப் பற்றி ஐந்து நிமிடத் துண்டு ஒன்று செய்தேன். சம்பந்தர் தேவாரத்தில் இருந்து ஒரு பாட்டும் தரச் சொன்னேன். நாலு வரி வந்தது. கடல் இருந்தது, மலை இருந்தது, எதுகைகூடச் சரியாக விழுந்திருந்தது. நேரலையில் உருக்கமாக வாசித்தேன். அடுத்த பாட்டு முடிய முதலே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போன் எடுத்தார். "தம்பி, நீங்கள் வாசித்தது சம்பந்தர் பாடினது இல்லை. எங்கட கோயில் பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கு, எனக்கு முழுக்கப் பாடம்" என்று சொல்லி, போனிலேயே முதல் பாட்டைப் பாடினார். ஏசவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. அடுத்த ஞாயிறு மன்னிப்புக் கேட்டுத் திருத்தினேன்.

இனி இதை அடியோடு விட்டுவிடுவதா, இல்லை எந்த வேலைக்கு வைத்துக்கொள்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய குரல்:

தம்பி, நானும் அடிபட்டுத்தான் படித்தேன். சாட்பாட் புத்தகத்தைத் திறந்து பார்த்துப் பதில் சொல்வதில்லை, அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று பார்த்துக் கோர்த்துக்கொண்டு போகிறது. அதனால் தேவாரம் மாதிரி ஒன்றை அதனால் செய்ய முடியும், தேவாரத்தைத் தரும் என்று நம்பமுடியாது. இணையத்தில் எங்கள் ஊரைப் பற்றித் தமிழில் இருப்பதும் குறைவு, இல்லாத இடத்தை அது தானாக நிரப்பிவிடும். இணையத்தில் தேடிப் பதில் சொல்லும் வசதி உள்ளவையும் இருக்கின்றன, அப்போதும் அது காட்டும் பக்கத்தை நாங்கள் திறந்து வாசிக்கவேண்டும்.

ஊர்ப்பெயரைக் கட்டாயம் பாருங்கள். எனக்குச் சீனக்குடாவை "சைனா பே" என்றும், புறாத்தீவை "பீஜன் தீவு" என்றும், குச்சவெளியைக் "குச்சவேலி" என்றும் எழுதித் தந்தது. ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழாக்கினால் இப்படித்தான் வரும். குச்சவெளியில் இருந்து கேட்கிற ஒருவருக்குத் தன் ஊர்ப்பெயர் பிழையாகக் காதில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

இன்னொன்று, இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். அது திருகோணமலைத் துறைமுகத்துக்குள் மூழ்கியதாகச் சாட்பாட் தந்த பிரதியில் இருந்தது. ஜப்பான் விமானங்கள் இங்கே குண்டுபோட்ட 1942 ஏப்ரல் 9 அன்று அந்தக் கப்பல் துறைமுகத்திலேயே இல்லை. முதல்நாள் இரவே வெளிக்கிட்டுவிட்டது, மூழ்கியது மட்டக்களப்புக் கடலில். ஆண்டு சரி, நாள் சரி, இடம் மட்டும் பிழை. முழுப்பிழை என்றால் உடனே கண்ணில் படும், பாதி சரியாக இருக்கும்போதுதான் தவறிப்போகும். ஆண்டு, பெயர், பாட்டு, கணக்கு, இந்த நாலையும் வேறு இடத்தில் பார்க்காமல் மைக் முன்னால் கொண்டுபோகாதீர்கள்.

கிண்ணியாக்காரி:

நான் விடமாட்டேன் சகோ, ஆனால் திருப்பிப் பிடித்தேன். தகவலை அதனிடம் கேட்பதில்லை, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கரைவலை (கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் பெரிய வலை) இழுப்பவர்களைப் பற்றி நிகழ்ச்சி செய்தபோது முதலில் வெறும் தலைப்பை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். சம்மாட்டியை, அதாவது வலைக்குச் சொந்தக்காரரை, "மீன்பிடி நிறுவன உரிமையாளர்" என்று எழுதியது, கரைவலையையும் ஒருவரே வீசும் வீச்சுவலையையும் ஒன்றாகக் கலந்துவிட்டது. அப்புறம் விடியற்காலை கரைக்குப் போய், இரண்டு கயிற்றையும் பிடித்து இழுத்தவர்களோடு கதைத்து, வலை இழுக்கும்போது அவர்கள் பாடின அம்பாப் பாட்டைப் போனில் பதிந்து, எல்லாவற்றையும் என் கையால் தட்டெழுதிக் கொடுத்து, "இதற்கு வெளியே ஒன்றும் சேர்க்காதே, இதைக் கேட்கிற நேயருக்கு எங்கே விளங்காமல் போகும் என்று மட்டும் என்னைக் கேள்" என்றேன். பன்னிரண்டு கேள்வி வந்தது. எட்டு வழக்கமானவை. ஒன்று, "மீன் படாத நாளில் இழுத்தவருக்குக் கூலி உண்டா?" என்று. அதை நான் கேட்காமலே வந்துவிட்டேன். திரும்பக் கரைக்குப் போய்க் கேட்டேன், நிகழ்ச்சியில் அதிகம் பேர் போன் எடுத்துக் கதைத்தது அந்தப் பதிலைப் பற்றித்தான்.

நேரக் கணக்கையும் நம்பவேண்டாம். மூன்று நிமிடம் என்று கேட்டால் வருவதை வாசிக்க எனக்கு ஐந்து நிமிடம் போகிறது. சத்தமாக வாசித்து ஸ்டாப்வாட்சில் பாருங்கள்.

நேயர் பக்கம்:

நான் அறிவிப்பாளன் இல்லை, கேட்கிறவன். பாட்டுக்கு நடுவில் சொல்லும் வரிகளை அதனிடம் கேட்காதீர்கள், தயவுசெய்து. "இதமான காலைப்பொழுதில் இதயங்களை வருடும்" என்று எல்லா வானொலியிலும் இப்போது ஒரே குரல். மழை பெய்கிறது, சந்தைக்குள் வெள்ளம் நிற்கிறது, உப்புவெளிப் பக்கம் ரோட்டில் மாடு படுத்திருக்கிறது என்று சொல்லுங்கள், நாங்கள் காது கொடுப்போம்.

இன்னொரு விஷயம், பிறந்தநாள் வாழ்த்துக்கு அனுப்பும் பிள்ளைகளின் பெயர், வயது, போன் நம்பர் எல்லாவற்றையும் அப்படியே அதற்குள் போட்டு ஒழுங்குபடுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நாங்கள் உங்களை நம்பி அனுப்புவது அது.

ஞாயிறு அறிவிப்பாளர்:

எல்லோருக்கும் நன்றி. வாழ்த்துப் பட்டியலை நானும் இரண்டு முறை அப்படிப் போட்டிருக்கிறேன், இனிச் செய்யமாட்டேன்.

கிண்ணியா அக்கா சொன்னபடி நேற்று செய்து பார்த்தேன். கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகள் ஏழையும் பற்றி என் குறிப்பைக் கொடுத்து, கேள்வி மட்டும் கேட்கச் சொன்னேன். "ஒவ்வொரு கிணற்றுக்கும் சூடு வேறு என்றால், அங்கே குளிக்கிறவர்கள் எதில் தொடங்கி எதில் முடிக்கிறார்கள்?" என்று கேட்டது. எத்தனையோ முறை போய்க் குளித்தவன், எனக்குப் பதில் தெரியவில்லை. சனிக்கிழமை காலை ரெக்கோடரோடு போகிறேன். தேவாரம் பாடிய அந்த ஆசிரியையையும் கேட்டிருக்கிறேன், மாதத்தில் ஒரு ஞாயிறு பத்து நிமிடம் வந்து பதிகம் பாடிப் பொருள் சொல்லச் சம்மதித்துவிட்டார். முதல் நிகழ்ச்சிக்குத் தன் பழைய திருமுறைப் புத்தகத்தையும் கொண்டுவருகிறாராம்.